இலக்கம் போட்ட கதவுகள்

போன கிழமை மகள் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய கணினியைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டதாம். ஒரு சுவரோடு ஏழெட்டுப் பழைய மரக் கதவுகள் சாய்த்து வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெண்கட்டியால் ஓர் இலக்கம். ஒரு கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பு ஒன்று கொஞ்சம் தெரிகிறது. படத்துக்குக் கீழே, "அப்பா, கோல்பேஸ் ஹோட்டலிலை ரெண்டு நாள் நிண்டு நீங்கள் எடுத்த படம் இது ஒண்டுதானா? கடல் எங்கை? அம்மா எங்கை?" என்று கேட்டிருந்தாள்.

ரெலிபோனில் சொல்லி முடிகிற கதையல்ல. ஆகவே இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலபேர் என் வயதுக்காரர். கொழும்பில் கந்தோருக்குப் போய் வந்தவர்கள். உங்களுக்கு அரைவாசி சொன்னாலே விளங்கும்.

1971-இல் கோட்டையில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நாலுபேர் ஓர் அறையில் இருந்தோம். 1974 ஐப்பசியில் கலியாணம். அடுத்த வருடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, அதே வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, கிணற்றடி பொது.

அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடல். நூறாம் நம்பர் அல்லது நூற்றியோராம் நம்பர் பஸ் எடுத்தால் வாசலிலேயே இறக்கிவிடுவான். ஒரு சுருள் கச்சான், காசு மிஞ்சினால் ஒரு இஸ்ஸோ வடை. இறால் தலையோடு அப்படியே முழிசிக்கொண்டிருக்கும் அந்த வடையை மனைவி முதல்முறை தொடவே மாட்டேன் என்றுவிட்டா. மூன்றாம் கிழமை இரண்டு வாங்கச் சொன்னா.

திடலின் வடக்கு முனையில் அப்போது பாராளுமன்றம். 1930-இலிருந்து 1982 வரை அந்தக் கட்டிடத்தில்தான் சபை கூடியது. 1956 ஜூன் 5 அன்று, தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வாவும் மற்றவர்களும் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கியதும் அந்தக் கட்டிடத்துக்கு முன்னாலுள்ள இந்தத் திடலில்தான். எங்கள் ஐயா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். நாங்கள் கச்சான் கொறித்த இடமும் அதுவேதான். இளம் வயது, அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடப்பதில்லை.

தெற்கு முனையில் கோல்பேஸ் ஹோட்டல். 1859-இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அந்தத் திடலில் உலாவும் பாதை போட்டு, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று பின்வருபவர்களிடம் ஒப்படைத்துக் கல்லில் எழுதி வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1864-இல் அந்த ஹோட்டல் தொடங்கியது. சூயஸ் கால்வாய் திறக்கவே இன்னும் ஐந்து வருடம் இருந்தது. ஆர்தர் சி. கிளார்க் தன்னுடைய '3001' நாவலின் கடைசி அத்தியாயங்களை அங்கே இருந்துதான் எழுதினார். இளவரசர் பிலிப் கடற்படை இளைஞராக இங்கே நின்ற காலத்தில் 12 பவுணுக்கு வாங்கிய ஸ்டாண்டர்ட் கார் ஒன்றையும் அங்கே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பொழுதுபடும்போது அந்த நீளக் கட்டிடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் என்பதுதான்.

"உள்ளை போகலாமோ?" என்று ஒருநாள் மனைவி கேட்டா. அப்போது இருபத்திரண்டு வயது.

"போகலாம். ஒருநாள் போய்த் தேத்தண்ணி குடிப்பம்" என்றேன்.

ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. என்னுடைய சட்டைப்பைதான் மறித்தது. அந்த ஒருநாளை வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகு 83 ஆடி வந்தது.

அதை விரிவாக எழுதப்போவதில்லை. ஜூலை 25 திங்கட்கிழமை கந்தோரிலிருந்து நான் வீடு வந்து சேர்ந்த கதையை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் பத்து நாள் இருந்தோம். பிறகு 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றினார்கள். மகளுக்கு ஐந்து வயது. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் தெற்குப் பக்கம் தூரத்தில் திடலும் அதன் முடிவில் ஒரு நீளக் கட்டிடமும் தெரிந்தன. மனைவி பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒரு வசனம்தான் சொன்னா: "இனிக் கொழும்பிலை ஒரு இரவும் படுக்கமாட்டன்."

சொன்னபடியே முப்பத்தொரு வருடம் இருந்தா. பாதை திறந்த பிறகு மகளின் விசா அலுவல்களுக்காக நாலைந்து தரம் கொழும்பு போனோம். இரவு பஸ்ஸில் போய், விடிய இறங்கி, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, அலுவலை முடித்து, அன்றிரவே பஸ் ஏறிவிடுவோம். பஸ்ஸில் நித்திரை கொள்வது கொழும்பில் நித்திரை கொண்டதாகாது என்பது அவவின் கணக்கு.

2014-இல் எங்களுடைய நாற்பதாவது கலியாண நாளுக்கு மகள் அந்த ஹோட்டலில் இரண்டு இரவுக்கு அறை பதிவு செய்துவிட்டு, பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். தாய் ஒரேயடியாக மாட்டேன் என்றா. "காசு கட்டிட்டன் அம்மா, திருப்பித் தரமாட்டினமாம்" என்றாள் மகள். அது பொய் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தாரை அசைக்கக் கூடிய பொய் அது ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அந்த மாதம் 13-ஆம் திகதிதான் யாழ்தேவி 24 வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்திருந்தது. "ரெயினிலை எண்டால் வாறன்" என்றா மனைவி. வழி முழுக்க யன்னலோரம்தான். ஆனையிறவு வந்தபோது பேச்சை நிறுத்தினா. மதவாச்சி தாண்டிய பிறகுதான் புட்டுப் பார்சலை அவிழ்த்தா.

ஹோட்டல் வாசலில் ஓட்டோ நின்றபோது எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. கட்டிடத்தின் வடக்குப் பக்கம் முழுவதும் இரும்புக் குழாய்ச் சாரம், அதன் மேல் பச்சை வலை. நாற்பது வருடம் வெளியே நின்று பார்த்த முகம் அதுதான். உள்ளே போகிற நாள் பார்த்து அதை மூடி வைத்திருக்கிறார்கள்.

"கோயில் பாலஸ்தாபனத்திலை இருக்கேக்கை கும்பிட வந்த மாதிரியெல்லோ இருக்கு" என்றா மனைவி.

அவர்கள் மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை முதல் வேலையாக ஒரு கடிதத்தைத் தந்தாள். வடக்குப் பகுதியில் புனரமைப்பு நடக்கிறது, காலை எட்டரைக்குத் தொடங்கிப் பின்னேரம் ஐந்துக்கு நிறுத்திவிடுவார்கள், உங்களுக்குத் தூரமான தெற்குப் பக்கத்தில் அறை தந்திருக்கிறோம் என்று விபரமாக எழுதியிருந்தது. மகளுக்கும் முன்பே அறிவித்திருந்தார்களாம். அவள்தான் எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தாய்க்கு இன்னொரு சாட்டுக் கிடைத்துவிடும் என்ற பயம்.

அந்த வருடம் ஹோட்டலுக்கு 150 வயது. வேலை 2015-இல்தான் முடிந்தது. நாங்கள் போனது சரியாக நடுவில், எல்லாம் குலைந்து கிடந்த நேரத்தில்.

அன்று பின்னேரம் கடலைப் பார்த்துக் கதிரைகள் போட்டிருந்த இடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். நாற்பது வருடக் கடன். வெள்ளைச் சட்டைப் பையன் கெண்டியில் கொண்டுவந்து ஊற்றினான். மனைவி தானே சீனி போட்டு, கலக்கி, ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தா. "இதுக்கோ அப்பா இவ்வளவு காலம்?" என்றா. இருவரும் சிரித்தோம். ஐப்பசி மாதம், ஆறு மணிக்கு இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. இரவு நன்றாகவே நித்திரை கொண்டா. நான்தான் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை சாப்பிட்டு முடிய மனைவி அறைக்குப் போனா. நான் கீழே பத்திரிகையோடு இருந்தேன். எட்டரை இருக்கும். சாரத்துக்குக் கொண்டுவந்த இரும்புக் குழாய்களை லொறியிலிருந்து நிலத்தில் தள்ளினார்கள். ஒரு லொறிக் குழாய் ஒரேயடியாக விழுந்தால் எப்படியிருக்கும்? தடார் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கடகடவென்று உருளும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் எங்களுக்குத் தெரிந்தது. குண்டு விழுந்த பிறகு வருகிற மௌனம் அது.

பத்திரிகையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். என் வயதில் அது ஓட்டமில்லை, ஆனாலும் ஓடினேன்.

அறைக் கதவு திறந்திருந்தது. மனைவி இல்லை. குளியலறையில் இல்லை. இன்னொரு முறை பார்த்தபோதுதான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த ஒடுக்கத்தில் சேலை தெரிந்தது. குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தா. தொண்ணூறுகளில் பொம்பர் வருகிறபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. எங்கள் கொக்குவில் வளவுக்குள் பங்கர் இருந்தது. அதற்குள் இறங்க நேரம் கிடைக்காதபோது வீட்டுக்குள் இப்படித்தான் படுப்போம். கடைசியாக அப்படிப் படுத்துப் பதினெட்டு, பத்தொன்பது வருடம் இருக்கும். உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

"ஒண்டுமில்லையப்பா. குழாய் இறக்கிறாங்கள்" என்றேன். பக்கத்தில் இருக்க இடமில்லை. கட்டிலில் இருந்துகொண்டு முதுகில் கையை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அறை துப்புரவாக்கும் பையன் வாசலில் வந்து நின்றான். இருபது வயது இருக்கும். அம்மாவுக்கு என்ன, டொக்டரைக் கூப்பிடவா என்று சிங்களத்தில் கேட்டான். மனைவி தலையை நிமிர்த்தி, முப்பத்தொரு வருடம் வாய் திறந்து பேசாத சிங்களத்தில், தோட்டுச் சுரை விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றா.

பையன் உடனே முழந்தாளில் இருந்துவிட்டான். கட்டிலுக்குக் கீழே கையைவிட்டுத் துளாவினான். கம்பளத்தை மடித்துப் பார்த்தான். கைபேசியின் வெளிச்சத்தை அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். சின்னச் சாமான், கட்டாயம் இங்கேதான் இருக்கும் என்று அவன் வேறு தைரியம் சொல்கிறான். இல்லாத சுரையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மனைவியைப் பார்த்தேன். அவ கண்ணால் என்னை அவனோடு பேசு என்றா. நான் அவனுடைய ஊரைக் கேட்டேன். மாத்தறைப் பக்கம் என்றான். அவன் என் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில் இடது காதுத் தோட்டின் சுரையைக் கழற்றிக் கட்டில் காலடியில் போட்டுவிட்டா.

அடுத்த நிமிடம் பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை என்ன சொல்வது. இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தான். மனைவி ஐந்நூறு ரூபா எடுத்துக் கொடுத்தா. வேண்டாம் என்றான். வற்புறுத்திக் கொடுத்தா.

அவன் போன பிறகு சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பெடியனுக்கு ஏன் தெரியவேணும்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. நான் பெட்டியை அடுக்கவா என்று கேட்டேன். பின்னேர ரெயின் இருந்தது. சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. "எங்கை அந்தச் சத்தம் போடுற இடம்? வாருங்கோ, பாத்திட்டு வருவம்" என்றா.

வேலை நடக்கும் பகுதிக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். தகர மறைப்புக்கு வெளியே, சாமான்கள் அடுக்கி வைத்திருந்த ஒரு தாழ்வாரம் வரை போனோம். அங்கேதான் அந்தக் கதவுகள்.

பிணைச்சல்களோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வெண்கட்டியில் இலக்கம். ஓரிரண்டில் பெயின்றைச் சுரண்டி மரத்தை வெளியே எடுத்திருந்தார்கள். ஒரு கதவை இரண்டு முக்காலிகளில் கிடத்தி வைத்து ஒரு வயதான தச்சுத் தொழிலாளி அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில். என்னிலும் நாலைந்து வயது குறைவாக இருக்கலாம்.

கந்தோர் காலத்துச் சிங்களம் எனக்கு இன்னும் இருக்கிறது. அரசகரும மொழிச் சோதனைக்காகப் படித்தது, சோதனைக்காகப் படித்தது மறப்பதில்லை. "பாஸ், இதுக்கெல்லாம் ஏன் நம்பர்?" என்று கேட்டேன்.

தன்னுடைய ஊர் மொறட்டுவை என்று முதலில் சொன்னார். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்ன மாதிரி என்ற நினைப்பு. மொறட்டுவைத் தச்சர்களின் பெயர் இலங்கை முழுக்கத் தெரிந்ததுதானே. பிறகு கதவைக் காட்டி விளங்கப்படுத்தினார். மஹத்தயா, புதுக் கட்டிடத்தில் எந்தக் கதவையும் எந்த நிலையிலும் போடலாம். பழைய கட்டிடத்தில் அது சரிவராது. சுவர் கொஞ்சம் இறங்கும், நிலை சுவரோடு சாயும், கதவு இறுகும், ஒரு தச்சன் வந்து மேல் மூலையில் ஒரு நூல் சீவுவான். இருபது வருடம் கழித்து இன்னொருவன் வந்து கீழே ஒரு நூல் சீவுவான். இப்படிச் சீவிச் சீவிக் கதவும் நிலையும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். இலக்கம் மாறிப்போனால் பிறகு எந்தக் கதவும் எந்த நிலையிலும் பூட்டாது.

அவர் சொல்லி முடித்தபோது நான் மனைவியைப் பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்தா. எங்கள் இருவருக்கும் ஒரே கதவுதான் ஞாபகம் வந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழையில் வீட்டைப் பூட்டித் திறப்பை மனைவி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தா. ஆறு மாதம் கழித்து, 96 சித்திரையில் திரும்பிப் போனபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. ஐயாவின் தகப்பனார் கட்டிய நாற்சார் வீடு. கூரை ஓடு இல்லை, யன்னல் இல்லை, முன்கதவு நிலையோடு பெயர்த்தெடுத்துக் கொண்டுபோயிருந்தார்கள். பர்மாத் தேக்கு. அதன் உட்பக்கத்தில் மகளின் உயரத்தை ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பென்சிலால் கீறி வருடம் எழுதி வந்தோம். 84-இல் தொடங்கி 95 வரை பன்னிரண்டு கோடு.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் பழைய மரச் சாமான் விற்கும் ஓரிடத்தில் வேறு அலுவலாக நின்றபோது அந்தக் கதவைக் கண்டேன். மற்றக் கதவுகளோடு சாய்த்து வைத்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு கோடும் இருந்தன. இது என்னுடைய கதவு என்று சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது, விற்கிறவர் எங்கேயோ காசு கொடுத்து வாங்கியிருப்பார். விலை கேட்டேன். மூவாயிரத்து ஐந்நூறு என்றார். பேரம் பேசவில்லை. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அது. வண்டிலில் ஏற்றி வந்து முற்றத்தில் இறக்கியபோது மனைவி ஓடிவந்து முதலில் உட்பக்கத்தைத்தான் பார்த்தா.

ஆனால் நிலை போய்விட்டது. புது நிலை செய்து போட்டோம். மட்டம் பிடித்து நேராகச் செய்த நிலை. அதில் அந்தக் கதவு இன்றுவரை பூட்டவில்லை. தூக்கிப் பிடித்துத்தான் கொண்டியைப் போடவேண்டும். ஆசாரி மூன்று தரம் வந்து பார்த்தார். சீவிவிடட்டா என்று கேட்டார். மனைவி விடவில்லை. அத்தோடு அந்தச் சுவரும் சும்மா இருக்கவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு நான் அவசரத்தில் சீமெந்து பூசிவிட்டேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சீமெந்து அதை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். நாலைந்து மாரி போக, பூச்சு பொருமிக்கொண்டு தட்டுத் தட்டாக விழுந்தது. எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு சுவர். அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் யார் இருந்தோம்?

இந்தக் கதையை நான் பாஸுக்குச் சொன்னேன். யார் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வயதில் இரண்டு பக்கத்துக்கும் அது தெரியும். முன்னால் கிடந்த கதவில் விரலை வைத்து, கதவைச் சீவ வேண்டாம், நிலையின் கீழ்ப் பிணைச்சலுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். எவ்வளவு மெல்லிசு என்று பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் கீறியும் தந்தார்.

அப்போதுதான் மனைவி தன் கேள்வியைக் கேட்டா. காலையில் அந்தக் குழாய் இறக்கினார்களே, இனி எப்போது இறக்குவார்கள்?

லொறி இன்று இரண்டு மணிக்கு ஒருமுறை வரும், நாளைக்கும் எட்டரைக்கு வரும் என்றார் பாஸ். சத்தம் கரைச்சலாக இருக்கிறதா, நோனா, அவர்களிடம் சொல்லவா என்றும் கேட்டார். வேண்டாம், நேரம் தெரிந்தால் போதும் என்றா.

அந்த நேரத்தில் எடுத்ததுதான் மகள் அனுப்பிய படம். மகளின் பழைய கமெரா, எனக்கு அதைச் சரியாகப் பிடிக்கவும் தெரியாது. பதினாலாம் இலக்கக் கதவுக்குப் பின்னால் தெரிகிற சேலைத் தலைப்பு அம்மாவுடையது பிள்ளை. கதவின் உட்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழமையாக ஒரு சின்ன நித்திரை கொள்வா. அன்று கொள்ளவில்லை. ஒன்றே முக்காலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு கீழே வந்து, வடக்குப் பக்கத்தைப் பார்த்தபடி ஒரு கதிரையில் இருந்தா. கையில் மணிக்கூடு. எல்லோரும் கடலைப் பார்த்து இருக்கிறார்கள், நாங்கள் இரண்டுபேர் மட்டும் பச்சை வலையைப் பார்த்து இருக்கிறோம். இரண்டு மணி. லொறி வரவில்லை. இரண்டேகால். "பிந்துறான்" என்றா, ஏதோ எங்கள் ஊர் மினிபஸ்ஸைச் சொல்வதுபோல. இரண்டு இருபதுக்கு லொறி வந்து திரும்பிப் பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது.

"இப்ப போடுவான்" என்றா.

போட்டான். அதே தடார், அதே கடகட, அதே மௌனம். கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த அவவின் விரல்கள் வெள்ளையாகிவிட்டன. கண்ணை மூடவில்லை. எழும்பவில்லை. கொஞ்ச நேரம் போக, "எத்தினை குழாய் இருக்கும் அதுக்குள்ளை?" என்று கேட்டா. நான் ஒரு ஐம்பது இருக்கும் என்றேன். "ஐம்பது காணாது" என்றா.

அடுத்த நாள் எட்டரைக்கும் போய் இருந்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தோம். அறை துப்புரவாக்கும் பையன் ஓட்டோ வரை பெட்டியைத் தூக்கி வந்து, தோடு கவனம் அம்மா என்று சொல்லி அனுப்பினான்.

ஊர் திரும்பி மூன்று கிழமை இருக்கும். அந்த ஹோட்டலின் வாயிற்காவலர் சாத்துக் குட்டன் காலமானார் என்று பத்திரிகையில் வந்தது. வெள்ளைச் சீருடையும் பெரிய வெள்ளை மீசையுமாக, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கும் அந்த மனிதரின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேரளத்திலிருந்து வந்தவர். 1942-இல், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அதே வருடம், அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 94 வயது. நாங்கள் நின்ற இரண்டு நாளும் அவரை வாசலில் காணவில்லை. மனைவி அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நாங்கள் கச்சான் திண்ட காலத்திலையும் இந்த மனிசன் உள்ளைதானே இருந்திருக்கும்" என்றா.

பாஸ் கீறித் தந்த அளவுக்கு ஆசாரி தகடு வெட்டி வைத்துப் பார்த்தார். கதவு முன்னையைவிடப் பரவாயில்லை. இப்போது தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை, தோளால் ஒருமுறை தள்ளினால் போதும்.

ஹோட்டலின் வேலை முடிந்து பச்சை வலையெல்லாம் எடுத்த பிறகு எடுத்த படங்களை மகள் அனுப்பியிருந்தாள். அழகாகத்தான் இருக்கிறது. ஒருக்கால் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பதினாலாம் நம்பர் கதவு எந்த அறையிலை எண்டு கேட்டுச் சொல்லச் சொல்லுங்கோ, போவம்" என்றா.